பாட வீடியோக்களை எந்த வடிவத்தில் கொடுப்பது: எம்பி4, வெப்எம், இல்லை தளத்து இணைப்பு மட்டும் போதுமா?

#1 வேதியியல்மேசை

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்காக வேதியியல் பாடங்களை வீடியோவாக எடுத்து வருகிறேன். பலகையில் எழுதிச் சொல்வதும் உண்டு, சோதனை செய்து காட்டுவதும் உண்டு. எல்லாம் ஒரு பெரிய வீடியோ தளத்தில் ஏறியிருக்கிறது. மாணவர்களுக்கு இணைப்பை அனுப்புவேன், அவ்வளவுதான்.

இப்போது இந்த ஏற்பாடு போதவில்லை. நெட் சரியாக இல்லாத பிள்ளைகள் கோப்பாகத் தரச் சொல்கிறார்கள். வேறொரு பள்ளி ஆசிரியை, படிகமாதல் சோதனை வரும் பகுதியை மட்டும் வெட்டித் தன் வகுப்பில் காட்டலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். ஆனால் தளத்திலிருந்து அவரால் எடுக்க முடியவில்லை. இன்னொரு கவலையும் இருக்கிறது. தொடக்க காலத்தில் ஒரு திரைப்பதிவு மென்பொருளில் செய்த பாடங்கள், அந்த மென்பொருளின் சொந்தக் கோப்பு வடிவத்திலேயே கிடக்கின்றன. அதன் நிறுவனம் அதைக் கைவிட்டுவிட்டது. இப்போதுள்ள கணினியில் எதுவும் அவற்றைத் திறக்கவில்லை.

இனி எடுப்பதை எந்த வடிவத்தில் வைத்துக்கொள்வது, எந்த வடிவத்தில் கொடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மாலைவகுப்பு

டீச்சர், ரொம்ப யோசிக்க வேண்டாம். எம்பி4 கோப்பு, உள்ளே எச்.264 முறையில் சுருக்கிய படம், ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி. எச்.264 தரம் 2003-இல் வந்தது. இன்று புழக்கத்தில் இருக்கும் ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட்போனிலும் அதை விரிப்பதற்கென்றே சிப்பில் ஒரு பகுதி இருக்கிறது. அதனால் பேட்டரி கரையாது, போன் சூடேறாது, பழைய போனிலும் தடங்காமல் ஓடும். பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினாலும் பெரும்பாலும் ஓடிவிடும்.

என்னிடம் மாலையில் படிக்கும் பிள்ளைகள் பலர் வீட்டுப் பெரியவர்கள் கழித்துவிட்ட போனில்தான் பார்க்கிறார்கள். அவர்களிடம் போய் இந்தப் பிளேயரை நிறுவு, அந்த கோடெக்கை (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நிரல்) போடு என்றால் அன்றோடு பாடம் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். திறந்த வடிவம் நல்ல கொள்கை, மறுக்கவில்லை. பாடம் பிள்ளைக்குப் போய்ச் சேருவது அதற்கு முந்தியது.

#3 கட்டற்றகணிமை

அண்ணன் சொல்வதில் ஓட்டத்தைப் பற்றிய பகுதி சரி. ஆனால் எம்பி4 என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோக முடியாது. அதற்குள் இருக்கும் விஷயத்தைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எச்.264 ரகசிய வடிவம் கிடையாது. அதன் விவரக்குறிப்பை யாரும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் அதில் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் இருக்கின்றன. எம்பெக் எல்ஏ என்ற நிறுவனம் அவற்றை ஒரே தொகுப்பாக்கி உரிமம் வழங்கிவந்தது. சுருக்கும் என்கோடரோ விரிக்கும் டிகோடரோ செய்து விற்பவர் அதற்கு ராயல்டி கட்டவேண்டும். பார்வையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் இணைய வீடியோவுக்கு ராயல்டி இல்லை என்ற சலுகைக்குக்கூட முதலில் காலக்கெடு இருந்தது. 2010 ஆகஸ்டில்தான் அந்தக் கெடுவை எடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் கூகுள், தான் வாங்கிய ஆன்2 நிறுவனத்தின் விபி8 கோடெக்கை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டு, வெப்எம் வடிவத்தை அறிவித்திருந்தது. எதிரே ஒரு திறந்த வடிவம் வந்து நின்றதால்தான் இந்தப் பக்கம் மனம் இளகியது என்று நினைக்கிறேன்.

அதற்கும் முன்னால், வலைப்பக்கங்களுக்கான எச்டிஎம்எல்5 தரத்தின் வரைவில், உலாவிகள் ஆக் தியோரா என்ற திறந்த வடிவத்தை ஆதரிப்பது நல்லது என்று ஒரு பரிந்துரை இருந்தது. 2007 டிசம்பரில் அதை நீக்கிவிட்டார்கள். வீடியோ குறியை ஆதரிக்கும் உலாவி இன்ன கோடெக்கை ஓட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எச்டிஎம்எல் தரத்தில் இன்றுவரை கிடையாது. நாம் இங்கே உட்கார்ந்து இதைப் பேசவேண்டியிருப்பதே அதனால்தான்.

டீச்சர், நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. எச்.264-க்கு அடுத்து 2013-இல் வந்த எச்.265-க்கு ஒன்றுக்கு மேற்பட்ட காப்புரிமைத் தொகுப்புகள் முளைத்தன. யாருக்கு எவ்வளவு கட்டுவது என்பதே குழப்பமானது. அந்தக் குழப்பத்தில் அலுத்துப்போன நிறுவனங்கள் சேர்ந்துதான் 2015-இல் அலையன்ஸ் ஃபார் ஓப்பன் மீடியா என்ற கூட்டணியை அமைத்து, 2018-இல் ஏவி1 கோடெக்கை வெளியிட்டன. உங்கள் போன் காமிரா உங்களைக் கேட்காமலேயே எச்.265-இல் பதிவுசெய்து கொண்டிருக்கலாம். ஐபோன்களில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் 'ஹை எஃபிஷியன்சி' என்ற பெயரில் வருவது இதுதான். கோப்பின் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. மாணவரின் விண்டோஸ் கணினி அதைத் திறக்காமல், தனி நீட்சியை விலைகொடுத்து வாங்கச் சொல்லும்போதுதான் தெரியவரும்.

#4 பிட்டும்பைட்டும்

இரண்டு பேரும் கொள்கலனையும் கோடெக்கையும் சேர்த்துப் பேசுகிறீர்கள். டீச்சருக்காகக் கொஞ்சம் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

எம்பி4, எம்கேவி, வெப்எம் மூன்றும் கொள்கலன்கள். படத்தையும் ஒலியையும் வசன வரியையும் ஒரே கோப்பில் அடுக்கி வைப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. படத்தைச் சுருக்குவது கோடெக்: எச்.264, எச்.265, விபி9, ஏவி1. எம்பி4-க்குள் ஏவி1-ஐயும் வைக்கலாம். எம்கேவிக்குள் கிட்டத்தட்ட எதையும் வைக்கலாம். வெப்எம் அப்படியில்லை. அது எம்கேவியின் சுருங்கிய வடிவம். படத்துக்கு விபி8, விபி9, ஏவி1, ஒலிக்கு வார்பிஸ், ஓபஸ் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஆகவே வெப்எம் என்று பெயர் இருந்தால் உள்ளே இருப்பது ராயல்டி இல்லாத கோடெக் என்று நம்பலாம். எம்பி4 என்ற பெயரை வைத்து அப்படி எதையும் சொல்ல முடியாது.

யாரிடம் எது ஓடும் என்று பார்த்தால், குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் வெப்எம் பல ஆண்டுகளாக ஓடுகிறது. ஆப்பிள்தான் நெடுங்காலம் பிடிகொடுக்காமல் இருந்தது. மேக்கில் உள்ள சஃபாரிக்கே 2021-இல்தான் வந்தது. ஏவி1-ஐ சஃபாரி இன்றும் வன்பொருள் ஆதரவு உள்ள கருவிகளில் மட்டுமே ஓட்டுகிறது. ஐபோன்களில் அந்த வன்பொருள் 15 ப்ரோவில்தான் முதலில் வந்தது. ஆண்ட்ராய்டில் விபி9 பரவலாக ஓடும். மலிவான பழைய போன்களில் ஏவி1-ஐ மென்பொருளே விரிக்க வேண்டியிருக்கும், ஓடினாலும் பேட்டரியைக் குடிக்கும். என் பரிந்துரை: ஏவி1-ஐ இப்போதைக்கு விடுங்கள். திறந்த வடிவம் வேண்டுமென்றால் விபி9 படமும் ஓபஸ் ஒலியும்.

பதிவு செய்யும்போது ஒரு விஷயம். ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவுசெய்தால் எம்கேவியாகப் பதியுங்கள். வழக்கமான எம்பி4-இல் எந்தக் காட்சி கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பதிவு முடிந்த பிறகுதான் எழுதுவார்கள். இடையில் மின்சாரம் போனால் அட்டவணையே இராது, ஒரு மணி நேரப் பாடம் திறக்கவே திறக்காது. எம்கேவியில் அதுவரை பதிந்தது மிஞ்சும். பிறகு மறுபடி என்கோட் செய்யாமலே, தரம் ஒரு துளியும் குறையாமல், அதே ஓபிஎஸ்ஸில் ரீமக்ஸ் கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். இணையத்தில் வைக்கப்போகும் எம்பி4-க்கு அந்த அட்டவணையைக் கோப்பின் தலைப்பகுதிக்குக் கொண்டுவரும் வசதியும் இருக்கிறது. ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்பார்கள். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்று ஒரு டிக். அதைப் போட்டால் முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திராமல் பார்க்கத் தொடங்கலாம்.

#5 இரண்டாமாண்டு

நான் ஆசிரியர் இல்லை, படிக்கிறவள். பார்க்கிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லலாமா?

எனக்கு கோடெக் பெயரெல்லாம் இன்றைக்குத்தான் தெரியும். எனக்கு வேண்டியது கோப்பு. தளத்தின் செயலிக்குள் சேமித்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அது கோப்பு கிடையாது. அந்தச் செயலிக்கு வெளியே திறக்காது, தோழிக்கு அனுப்ப முடியாது, குறிப்பிட்ட நாளுக்குள் மறுபடி நெட்டில் இணையாவிட்டால் பூட்டிக்கொள்ளும். தேர்வு நேரத்தில் விடுதியில் நெட் போய், சேமித்து வைத்த பாடமே திறக்காமல் நின்றிருக்கிறோம்.

அடுத்தது அளவு. முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று முழு எச்டியில் கொடுக்கிறார்கள். பலகையில் எழுத்து தெரிந்தால் போதும் டீச்சர். ஒலி மட்டும் தனியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பார்த்து முடித்த பாடத்தைப் பேருந்தில் கேட்டுக்கொண்டே போவேன்.

#6 பிட்டும்பைட்டும்

தங்கை கேட்டதற்குக் கணக்குப் போட்டே சொல்லலாம். பலகைப் பாடம், காமிரா அசையாது, பின்னணி மாறாது. 480பி அளவில் படத்துக்கு நொடிக்கு 300 கிலோபிட் கொடுத்தால் எழுத்து படிக்கக் கிடைக்கும். ஒலிக்கு 32 கிலோபிட். 45 நிமிடப் பாடம் சுமார் 112 எம்பி வரும். ஒலி மட்டும் போதுமென்றால் ஓபஸில் ஒற்றைத் தடமாக 24 கிலோபிட்டிலேயே பேச்சு தெளிவாக இருக்கும். அதே 45 நிமிடம் 8 எம்பிக்குக் கொஞ்சம் கூடுதல். ஓபஸ் 2012-இல் ஆர்எஃப்சி 6716 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்த திறந்த தரம். இவ்வளவு குறைந்த பிட்ரேட்டில் பேச்சை அவ்வளவு நன்றாகத் தாங்கும் பொதுப்பயன் கோடெக்கை நான் கேட்டதில்லை. திறந்த வடிவம் என்றாலே தரத்தில் இரண்டாந்தரம் என்ற எண்ணம் ஒலியைப் பொறுத்தவரை எப்போதோ பொய்யாகிவிட்டது.

சோதனைப் பகுதிகளுக்கு மட்டும் இந்த அளவு போதாது. நிறம் மாறுவதும் குமிழி வருவதும் மங்கினால் பாடமே போய்விடும். அங்கே பிட்ரேட்டை ஏற்றுங்கள். ஒரே எண்ணைக் கட்டிவைக்காமல் தர அளவை மட்டும் நிர்ணயித்து விட்டால், எங்கே கூடுதல் வேண்டுமோ அங்கே என்கோடரே எடுத்துக்கொள்ளும். ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்று இருப்பது அதுதான்.

#7 பழையபேழை

நான் நூலகத்தில் எண்மக் கோப்புகளைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை பார்த்தவன். இந்த இழையில் இன்று எது ஓடும் என்பது நிறையப் பேசப்பட்டிருக்கிறது. இருபது ஆண்டு கழித்து எது திறக்கும் என்பதைப் பற்றி நான் கொஞ்சம் பேசுகிறேன்.

2000-களில் கல்வி உள்ளடக்கம் செய்தவர்களில் எத்தனை பேர் உலாவிக்குள் அசைபடம் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளை நம்பினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அசையும் அணு மாதிரிகள், சொடுக்கினால் மாறும் வரைபடங்கள், கேள்வி பதில் பயிற்சிகள். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. ஃபிளாஷ் வீடியோவாக இருந்தவை தப்பின, ஏனென்றால் உள்ளிருந்த படத்தை வெளியே எடுத்து வேறு கொள்கலனில் வைக்க முடிந்தது. ஊடாடும் பாடங்களுக்கு அந்த வழி இல்லை. ஃபிளாஷைப் போலவே நடந்துகொள்ளும் ரஃபில் என்ற திறந்தமூல எமுலேட்டரை எழுதியவர்களால் அவற்றில் ஒரு பகுதி மறுபடி ஓடுகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் தொடங்கிய திட்டம், ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதப்பட்டவை. அவர்கள் பல ஆண்டு உழைத்து எச்டிஎம்எல்5-க்கு மாற்றினார்கள். அவர்களிடம் மூல நிரல் இருந்தது, ஆள் இருந்தது. தனியாக உட்கார்ந்து பாடம் செய்த ஆசிரியரிடம் இரண்டும் கிடையாது.

ரியல்வீடியோவும் ஒரு காலத்தில் இணைய வீடியோவின் அரசன்தான். இன்றும் அந்தக் கோப்புகளைத் திறக்க முடிகிறதென்றால் அதற்கு எஃப்எஃப்எம்பெக் போன்ற திறந்தமூல வீடியோ மென்பொருள் திட்டங்களின் தன்னார்வலர்கள் அதைப் பிரித்துப் படித்து டிகோடர் எழுதியதுதான் காரணம். முன்பின் தெரியாத ஒருவரின் பொறுமைதான் அந்தக் கோப்புகளைக் காப்பாற்றியது. நம் பாடங்களை அப்படி ஒரு தற்செயலை நம்பி விடக்கூடாது.

ஒரு வடிவத்தைப் பார்க்கும்போது நான் கேட்பது: விவரக்குறிப்பு பொதுவில் இருக்கிறதா, அதை வாசிக்கும் நிரல்களை ஒருவருக்கு மேற்பட்டோர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்களா? இந்தக் கணக்கில் எச்.264 தேறிவிடும். கட்டற்றகணிமை தம்பிக்கு இது பிடிக்காமல் போகலாம். அதன் ஆரம்பக் காப்புரிமைகள் பலவும் இருபதாண்டைக் கடந்து காலாவதியாகி வருகின்றன. எம்பி3-க்கு 2017-இல் உரிமத் திட்டமே முடிந்தது போல இதற்கும் முடியும். ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், ஒரே நிறுவனத்தின் ஒரே மென்பொருள் மட்டும் வாசிக்கும் வடிவத்தில். டீச்சரின் பழைய திரைப்பதிவுகள் அந்த வகை.

ஆவணக்காப்பகங்கள் எதை நோக்கிப் போகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இழப்பில்லாத படத்துக்கு எஃப்எஃப்வி1 (ஆர்எஃப்சி 9043, 2021), கொள்கலனுக்கு மட்ரோஸ்கா, அதாவது எம்கேவி (ஆர்எஃப்சி 9559, 2024), ஒலிக்கு ஃப்ளாக் (ஆர்எஃப்சி 9639, 2024). மூன்றுக்குமே இன்று பொதுவில் வெளியான ஆர்எஃப்சி ஆவணங்கள் இருக்கின்றன. வீட்டில் பாடம் எடுப்பவருக்கு எஃப்எஃப்வி1 கோப்பு மிகப் பெரிது, தேவையில்லை. காமிராவிலிருந்து வந்த கோப்பைத் தொடாமல் அப்படியே வைத்தால் போதும்.

#8 வேதியியல்மேசை

பழையபேழை ஐயா, படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பழைய கோப்புகளுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

#9 பிட்டும்பைட்டும்

இருக்கலாம். எஃப்எஃப்எம்பெக்குடன் எஃப்எஃப்புரோப் என்ற கருவி வரும். ஒரு கோப்பை அதற்குக் கொடுத்துப் பாருங்கள். உள்ளே என்ன கோடெக் என்று அடையாளம் சொன்னால் பெரும்பாலும் மாற்றவும் முடியும். பழைய திரைப்பதிவு கோடெக்குகள் பலவற்றுக்கு அதில் டிகோடர் இருக்கிறது. அடையாளம் தெரியவில்லையென்றால், அந்த மென்பொருள் நிறுவிய பழைய கணினி யாரிடமாவது இருக்கிறதா என்று தேடி, அதிலேயே எம்பி4 ஆக ஏற்றுமதி செய்யப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அங்கே ஓடவிட்டுத் திரையைப் பதிவதுதான் மிச்சம். தாமதிக்காதீர்கள். பழைய கணினிகள் எறியப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

#10 கட்டற்றகணிமை

பழையபேழை ஐயா, எச்.264 தேறிவிடும் என்பதை ஏற்கிறேன். நீங்கள் சொன்ன காரணங்கள் சரி. ஆனால் நான் திறந்த வடிவத்துக்கு வாதாடுவது கோப்பு திறக்குமா என்பதற்காக மட்டும் கிடையாது. ஒரு மாணவி நாளைக்குத் தானே ஒரு பிளேயர் எழுத விரும்பினால், ஒரு சிறு குழு பாடங்களுக்கென்றே ஒரு கருவி செய்து விற்க விரும்பினால், யாரிடமும் அனுமதி கேட்கக்கூடாது. எச்.264-இல் அந்த அனுமதி தேவைப்பட்டதால்தான் 2013-இல் சிஸ்கோ நிறுவனம் ஓப்பன்எச்264 என்ற பெயரில் கோடெக்கைக் கொடுத்து, உரிமத் தொகையைத் தானே கட்டுவதாக முன்வர வேண்டியிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் அதை எடுத்துக்கொண்டது. பெரிய நிறுவனம் ஒன்று கைகொடுத்ததால் நடந்த காரியம் அது. எல்லாச் சிறு குழுவுக்கும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார்.

கட்டற்ற படங்களையும் வீடியோக்களையும் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா காமன்ஸில் 2014-இல் எம்பி4-ஐ ஏற்கலாமா என்று சமூகத்தைக் கேட்டார்கள். வேண்டாம் என்றே முடிவானது. இன்றும் அங்கே வெப்எம், ஆக் போன்ற கட்டற்ற வடிவங்களில்தான் வீடியோ ஏற்றவேண்டும். அந்த உறுதியை மதிக்கிறேன்.

இன்னொரு பக்கம், 2017-இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, பூட்டுப்போட்ட வீடியோவை உலாவிக்குள் ஓட்டும் இஎம்இ இடைமுகத்தைத் தரமாக அங்கீகரித்தது. அதை எதிர்த்து எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் அந்த அமைப்பிலிருந்தே விலகியது. கல்வி வீடியோவுக்குப் பூட்டே கூடாது என்பது என் நிலை. கற்பவர் நகலெடுக்க முடியாத பாடம் அவருக்கு இரவல்தான்.

#11 மாலைவகுப்பு

தம்பி, காமன்ஸ் முடிவை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஆசிரியர்கள் எடுப்பது போனில். போன் கொடுப்பது எம்பி4. அதை வெப்எம் ஆக்கத் தெரியாதவர் அங்கே பாடம் ஏற்றாமலே போய்விடுகிறார். மாற்றித்தரும் கருவிகள் இருக்கின்றன, தெரியும். ஆனால் ஒவ்வொரு கூடுதல் படியிலும் சிலர் உதிர்ந்துபோவார்கள். உதிர்பவர்கள் தொழில்நுட்பம் தெரிந்தவர்களாக இருக்கமாட்டார்கள், நல்ல பாடம் எடுக்கத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். வடிவம் கட்டற்றதாக இருந்து பாடங்கள் குறைந்துபோனால் அந்த இழப்பும் கற்பவருக்குத்தான்.

ஆனால் பூட்டு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அதில் மாற்றுக்கருத்து இல்லை.

#12 பழையபேழை

இருவரும் கோடெக்கைச் சுற்றியே வருகிறீர்கள். டீச்சரின் முதல் பதிவை மறுபடி படியுங்கள். வேறு பள்ளி ஆசிரியையால் சோதனைப் பகுதியை எடுக்க முடியவில்லை என்கிறார். அங்கே தடுத்தது எச்.264-ஆ? தளத்தில் எடுக்கும் வழி இல்லை, அவ்வளவுதான். அதே வீடியோவைத் தளம் விபி9-இலும் வைத்திருக்கும். யூடியூப் பல ஆண்டுகளாக விபி9-இலும் ஏவி1-இலும் அனுப்புகிறது. மிகத் திறந்த கோடெக்கில் ஓடுகிறது, ஆனாலும் கோப்பு உங்கள் கைக்கு வராது. ஆகவே திறந்த வடிவம் என்றதும் கோப்பின் உள்ளமைப்பை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தோம். கோப்பு கைக்கு வருகிறதா, வந்ததை வெட்டவும் ஒட்டவும் மொழிமாற்றவும் மறுபடி பகிரவும் உரிமை இருக்கிறதா என்பதில்தான் மீதி இருக்கிறது.

யூடியூபில் 2011 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுக்க ஒரு தேர்வு இருக்கிறது. பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமம். நல்லது. ஆனால் தளத்தின் பொது விதிகள், அவர்கள் தரும் வழியில் தவிர வேறு வழியில் இறக்கக்கூடாது என்கின்றன. உரிமை கையில் இருந்தும் கோப்பு இல்லை. அதனால்தான் அந்த உரிமத்தோடு கோப்பை வேறொரு இடத்திலும் வைக்கவேண்டும் என்கிறேன். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினால் நீங்கள் கொடுத்த மூலக்கோப்பு அப்படியே இருக்கும், கூடவே வேறு சில வடிவங்களையும் அவர்களே உருவாக்கிவைப்பார்கள், டாரன்ட்டும் கிடைக்கும்.

உரிமம் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. எம்ஐடி பல்கலைக்கழகம் 2001-இல் ஓப்பன்கோர்ஸ்வேரை அறிவித்தது. பாடங்களை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்ததால் அவை எத்தனையோ மொழிகளுக்கும் சேவையகங்களுக்கும் போய்ச்சேர்ந்தன. கான் அகாடமி வீடியோக்களும் வணிகமல்லாப் பயன்பாட்டுக்கு அப்படியே கிடைத்ததால் 2012-இல் ஒரு சிறு குழு கேஏ லைட் என்ற மென்பொருளைச் செய்தது. நெட்டே இல்லாத பள்ளியில் ஒரு சின்னக் கணினியை வைத்து மொத்தப் பாடத்தையும் உள்வலையில் ஓட்டலாம். அதன் அடுத்த வடிவம்தான் கொலிப்ரி. கிவிக்ஸ் திட்டமும் இப்படித்தான், பாட வீடியோக்களை வெப்எம் ஆகச் சுருக்கி ஒரே பொதியாகக் கொடுக்கிறது. இவர்களில் யாரும் ஒவ்வொரு ஆசிரியரிடமும் தனித்தனியாகக் கடிதம் எழுதி அனுமதி வாங்கவில்லை. வாங்கவேண்டியிருந்தால் அந்த வேலையைத் தொடங்கியே இருக்கமாட்டார்கள்.

டீச்சர், பின்னணி இசை ஏதும் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பிறருடைய இசை ஒரு நிமிடம் இருந்தாலும் உங்கள் உரிமம் அதற்குப் பொருந்தாது.

#13 செவிவிழி

காது கேளாத மாணவர்களோடு வேலை செய்கிறேன். வசன வரியைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

வசன வரியைப் படத்தின் மேலேயே பதித்துவிடாதீர்கள். பதித்துவிட்டால் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பிழை திருத்த முடியாது, வேறு மொழிக்கு மாற்ற முடியாது, தேடவும் முடியாது. தனிக் கோப்பாகக் கொடுங்கள். எஸ்ஆர்டி அல்லது வெப்விடிடி. இரண்டுமே வெறும் உரைக்கோப்பு, எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்கும். இந்த இழையில் பேசப்பட்ட வடிவங்களிலேயே எது மிக நீண்டநாள் வாழும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒருவேளை வீடியோவே திறக்காமல் போனாலும் பாடத்தின் சொற்கள் மிஞ்சும்.

தமிழ் வசன வரி என்றால் ஒருங்குறியில், யுடிஎஃப்-8 ஆகச் சேமித்ததை உறுதிசெய்யுங்கள். ஒருங்குறிக்கு முந்திய டிஸ்கி, டாப் காலத்து எழுத்துருக்களில் அடித்து வைத்த உரைகள் இன்று வெறும் கிறுக்கலாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மொழிக்கு இந்தப் பாடம் புதிதில்லை. அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும் என்ற நிலையிலிருந்து மீள நமக்கு எத்தனை காலம் ஆயிற்று! வீடியோவில் அதே குழியில் மறுபடி விழவேண்டாம்.

தளம் தானாக உருவாக்கும் வசன வரியை வரைவாக எடுத்துக்கொள்ளலாம். வேதியியல் சொற்களில் அது நிறையத் தடுமாறும். ஆள் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

#14 நெறியாளர்

கட்டணத் தளங்களிலிருந்து பூட்டை உடைத்து வீடியோ எடுப்பது எப்படி என்று கேட்ட இரு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். நாமே எடுத்த பாடங்களை எப்படிப் பகிர்வது என்பதோடு இழை நிற்கட்டும்.

#15 வேதியியல்மேசை

எல்லோருக்கும் நன்றி. எஃப்எஃப்புரோப் பழைய கோப்புகளில் பெரும்பாலானவற்றை அடையாளம் கண்டுகொண்டது. மாற்றும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. சிலவற்றில் ஒலி மட்டும்தான் வந்தது. அவற்றை மறுபடி எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

இனிமேல் இப்படி. காமிராவிலிருந்தும் ஓபிஎஸ்ஸிலிருந்தும் வரும் கோப்பு தொடப்படாமல் இரண்டு வன்தட்டுகளில். அதிலிருந்து 480பி எச்.264 எம்பி4 ஒன்று, பிள்ளைகளின் போனுக்கு. விபி9 வெப்எம் ஒன்று, ஆர்க்கைவுக்கும் காமன்ஸுக்கும். ஓபஸில் ஒலி மட்டும். வெப்விடிடி வசன வரி. தளத்து இணைப்பும் தொடரும், புதிய மாணவர்கள் தேடி வருவது அங்கேதான். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரவேண்டும் என்ற நிபந்தனையோடு. வணிகத்துக்குத் தடை போடுவதா என்று யோசித்தேன். விக்கிமீடியா காமன்ஸ் அந்தத் தடை உள்ளதை ஏற்பதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். ஒருவர் என் பாடத்தை வன்தட்டில் போட்டு விற்றாலும் வாங்கியவர் அதை இலவசமாக நகலெடுத்துக் கொடுக்கலாமே.

வில்லைகளையும் படங்களையும் கூடக் கொடுக்கப்போகிறேன். வரைபடங்கள் எஸ்விஜி (.svg) வடிவத்தில், வில்லைகள் ஓடிபி (.odp) வடிவத்தில். இரண்டுமே திறந்த வடிவங்கள், திருத்த முடியும். வேறு மொழியில் பாடம் எடுப்பவர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு படத்தை அப்படியே பயன்படுத்தலாம்.

#16 மாலைவகுப்பு

இரண்டு வடிவத்திலும் கொடுப்பதென்றால் எனக்கு மறுப்பே இல்லை டீச்சர். நேரம் இல்லாத ஆசிரியர்களிடம் இத்தனையையும் எதிர்பார்க்கக்கூடாது என்பது மட்டும்தான் என் பக்கம். அவர்கள் உரிமத்தோடு ஒரு எம்பி4 கொடுத்தாலே போதும். வெப்எம் ஆக்குவதை வேறு யாராவது செய்துகொள்ளலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது.

பியர்ட்யூப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். 2018-இல் முதல் பதிப்பு வந்தது, ஃபிரமாசாஃப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு செய்வது. சொந்தச் சேவையகத்தில் வீடியோ தளம் நடத்தலாம், ஒன்றோடொன்று இணையும், பதிவிறக்கப் பொத்தானும் உண்டு. ஆனால் அந்தச் சேவையகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் சலித்துப்போனால் பாடமும் போய்விடும். ஆசிரியர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் யோசிக்கலாம், தனியாளுக்கு வேண்டாம்.

#17 கட்டற்றகணிமை

ஆசிரியர் எம்பி4 கொடுக்கட்டும், வெப்எம் ஆக்குவதை நான் செய்கிறேன். மாற்றத் தெரியாதவர்கள் இங்கே இணைப்பைப் போடுங்கள். உரிமம் தெளிவாக எழுதியிருந்தால் மாற்றி காமன்ஸில் ஏற்றித்தருகிறேன். அண்ணன் சொன்ன அந்த உதிர்தல் உண்மை. பேசிக்கொண்டிருப்பதை விட அந்தப் படியை நாம் எடுத்துக்கொள்வது நல்லது.

#18 இரண்டாமாண்டு

டீச்சர், உங்கள் கரிம வேதியியல் பாடங்களுக்கு நான் வசன வரி எழுதட்டுமா? எப்படியும் குறிப்பெடுப்பேன், அதை நேரத்தோடு எழுதினால் ஆயிற்று. செவிவிழி அக்கா, சூத்திரங்களை எப்படி எழுதுவது? டீச்சர் வாயால் 'எச் டூ எஸ்ஓ ஃபோர்' என்கிறார், பலகையில் குறியீடாக இருக்கிறது.

#19 செவிவிழி

எழுதும்மா, நல்ல காரியம். பலகையில் சூத்திரம் தெரிகிற நேரத்தில் வசன வரியிலும் குறியீடாகவே போடு. கீழெண்ணுக்கு ஒருங்குறியில் தனி எழுத்துகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்து. பலகை திரையில் இல்லாமல் டீச்சர் முகம் மட்டும் இருக்கும்போது சேர்மத்தின் பெயரை எழுது. ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சோதனையில் ஒலிக்கு முக்கியத்துவம் இருந்தால், ஹைட்ரஜன் 'பாப்' என்று வெடிக்கும் இடம் மாதிரி, அதையும் அடைப்புக்குறிக்குள் எழுதிவிடு. முதல் பாடத்தை முடித்ததும் எனக்கு அனுப்பு, என் மாணவர்களிடம் காட்டி எங்கே வேகமாகப் போகிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.